போட்டோ எடிட்டிங் பழகும்போது சறுக்கும் இடங்கள்

போட்டோ எடிட்டிங் மென்பொருளை முதன்முதலாகத் திறந்ததும் ஒரு மலைப்பு வரும். இடது ஓரம் முழுக்க டூல்கள், வலது பக்கம் நாலைந்து பேனல்கள், மேலே மெனுவுக்குள் மெனு. சரி, ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்வோம் என்று 'எல்லா டூல்களும் ஒரே வீடியோவில்' ரகத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அது பாதி ஓடுவதற்குள் சலித்துப்போய், மென்பொருளையே மூடி வைத்துவிடுகிறவர்கள் நிறைய. அப்படிக் கற்க வேண்டிய அவசியமே இல்லை. போட்டோஷாப் 1990-இல் வந்தது; அன்றிலிருந்து அச்சுத் தொழில், ஓவியம், இணையதள வடிவமைப்பு என்று ஆளாளுக்கு வேண்டியதை எல்லாம் அதில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். எடுத்த படத்தைக் கொஞ்சம் சரிசெய்ய நினைப்பவருக்கு அதில் பெரும்பகுதி தேவைப்படாது. 1996-இல் வெளிவந்த, இலவசமாகவே கிடைக்கிற கிம்ப்புக்கும் இதே கதைதான்.

டூல் தெரியாமல் கெட்ட படங்களைவிட, திரும்பி வர வழி வைக்காமல் கை வைத்ததால் கெட்ட படங்கள் அதிகம். அதற்கு அடுத்தபடி, திரையையே பார்த்துப் பார்த்து ஏமாந்துபோன கண்ணால் கெட்டவை. புதியவர்கள் செய்கிற தவறுகளைக் கிளறிப் பார்த்தால் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கும்.

ஒரிஜினல் படத்தின் மேலேயே 'சேவ்' அடிப்பதில் தொடங்குவோம். படம் ஜேபெக் கோப்பாக இருந்தால் இதில் இரட்டை நஷ்டம். ஜேபெக் என்பது கோப்பின் அளவைக் குறைப்பதற்காக நுணுக்கமான விவரங்களைத் தூக்கிப் போட்டுவிடும் வடிவம். படத்தைத் திறந்து, திருத்தி, சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தக் கழிவு மறுபடி நடக்கும். ஒன்றிரண்டு முறையில் தெரியாது. பலமுறை ஆன பிறகு வானத்தில் சதுரம் சதுரமாகத் திட்டுகளும், எழுத்துகளின் ஓரத்தில் புழுதி மாதிரி ஒரு கலங்கலும் வந்து நிற்கும். ஒரிஜினலைத் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு அதன் நகலில் வேலை செய்யுங்கள். வேலை நடக்கும் கோப்பைப் போட்டோஷாப்பில் பிஎஸ்டி ஆகவும் கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப் ஆகவும் வைத்திருங்கள், ஜேபெக் என்பது அனுப்புவதற்காகக் கடைசியில் எடுக்கும் பிரதி மட்டும்தான். கிம்ப்பில் 'சேவ்' கொடுத்தால் ஜேபெக்கே வராது, 'எக்ஸ்போர்ட்' போக வேண்டும் என்று பலர் எரிச்சல்படுவார்கள். உண்மையில் அது நம்மைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. அப்புறம், மெசேஜ் செயலி வழியாக வந்த படத்தில் வேலையை ஆரம்பிக்காதீர்கள். அது ஏற்கெனவே சுருக்கி நசுக்கப்பட்டது. எடுத்தவரிடம் மூலக் கோப்பையே கேட்டு வாங்குவது பத்து ஃபில்டரைவிட மேல்.

இதைவிடப் பெரிய விஷயம் லேயர். போட்டோஷாப்பிலேயே 1994-இல்தான் இது வந்தது. படத்தின் மேல் கண்ணாடித் தாள் ஒன்றை வைத்து அதில் எழுதுவது போலத்தான்: தாளை எடுத்துவிட்டால் கீழே படம் அப்படியே இருக்கும். ஆனால் புதியவர்கள் செய்வது என்ன? இமேஜ் மெனுவுக்குள் போய், அட்ஜஸ்ட்மென்ட்ஸ் பட்டியலைத் திறந்து, அங்கிருந்தே கர்வ்ஸ் (வெளிச்சத்தைச் சரிசெய்வது) அல்லது ஹியூ சாச்சுரேஷன் (நிறத்தையும் அதன் அடர்த்தியையும் மாற்றுவது) எடுத்து, ஓகே அடித்துவிடுகிறார்கள். அது நேராகப் படத்தின் பிக்சல்களையே, அதாவது படம் ஆன நிறப்புள்ளிகளையே, மாற்றிவிடும். அரை மணி நேரம் கழித்து 'அந்த நிறம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டதே' என்று தோன்றினால், நடுவில் செய்த அத்தனையையும் கன்ட்ரோல் இசட் அடித்துப் பின்னால் போக வேண்டும், கோப்பை மூடியிருந்தால் அதுவும் கிடையாது. அதே கர்வ்ஸை லேயர் மெனுவில் 'நியூ அட்ஜஸ்ட்மென்ட் லேயர்' வழியாக எடுத்தால் அது தனி லேயராக மேலே உட்கார்ந்துகொள்ளும். நாளைக்குத் திறந்துகூட மாற்றலாம், ஒபாசிட்டியை (அந்த லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதை) நூறிலிருந்து நாற்பதுக்கு இறக்கலாம், வேண்டாமென்றால் கண் அடையாளத்தை அழுத்தி மறைக்கலாம். பலன் ஒன்றுதான், இரண்டு கிளிக் கூடுதல், அவ்வளவே. கிம்ப்பில் இந்த வசதி ரொம்ப காலம் இல்லாமல் இருந்து, 2025-இல் வந்த 3.0 பதிப்பில்தான் ஃபில்டர்களைப் பிறகும் மாற்றும்படி வைத்துக்கொள்ள முடிந்தது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் லேயரை டூப்ளிகேட் செய்துகொண்டு அதில் கை வைப்பதே வழி.

அழிப்பானும் இதே வகைதான். பின்னணியை நீக்க இரேசரை எடுத்துத் தேய்த்தால் தேய்த்தது போனதுதான். லேயர் மாஸ்க் போட்டால் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசினால் திரும்பி வரும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். தலைமுடி ஓரத்தில் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டதா, வெள்ளையை எடுத்துப் பூசினால் முடி மறுபடி முளைத்துவிடும். ஆரம்பத்திலேயே ஒன்றை மட்டும்தான் பழகுவேன் என்று சொல்பவருக்கு நான் காட்டுவது மாஸ்க்கைத்தான்.

இங்கே ஒரு சின்ன இடத்தில் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வார்கள், 'பிரஷ் வேலை செய்யவில்லை' என்பதுதான் அது. தேய்க்கிறார்கள், ஒன்றும் விழவில்லை. மென்பொருள் கெட்டுவிட்டது என்று அன்இன்ஸ்டால் வரைக்கும் போனவர்கள் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது, எங்கேயாவது ஒரு செலக்‌ஷன் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று. திரையின் ஒரு மூலையில், பெரிதாக்கிப் பார்த்ததில் கண்ணுக்கே படாத இடத்தில், ஊர்ந்துகொண்டிருக்கும் புள்ளிக்கோடு ஒன்று இருந்தால் அதற்கு வெளியே எதுவும் விழாது. போட்டோஷாப்பில் கன்ட்ரோல் டி, கிம்ப்பில் கன்ட்ரோல் ஷிப்ட் ஏ அடித்தால் அது போய்விடும். அது இல்லையென்றால் லேயர் பேனலைப் பாருங்கள்: வேறு லேயர் தேர்வாகி இருக்கலாம், லேயரில் பூட்டு விழுந்திருக்கலாம், அல்லது மாஸ்க்கின் சின்னப் படத்தைக் கிளிக் செய்யாமல் அதன் பக்கத்தில் இருக்கும் போட்டோவின் சின்னப் படத்தைக் கிளிக் செய்திருக்கலாம். இந்தக் கடைசிதான் வினை, மாஸ்க்கில் பூச வேண்டிய கறுப்பு முகத்தின் மேலேயே விழுந்து வைக்கும். எதைச் சுற்றிச் சட்டம் தெரிகிறது என்று பூசுவதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பது கைப்பழக்கமாக வேண்டும்.

இனி கண் செய்யும் துரோகம். சாச்சுரேஷன் ஸ்லைடரைக் கொஞ்சம் தள்ளினால் படம் பளிச்சென்று ஆகிறது. ஒரு நிமிடத்தில் கண் அதற்குப் பழகிவிடும், பழையபடி சாதாரணமாகத் தெரியும், மறுபடி தள்ளுவோம். இப்படியே போய் முகம் ஆரஞ்சு நிறத்திலும் புல் பூச்சிமருந்து நிறத்திலும் முடியும். ஓரங்களை எடுப்பாகக் காட்டும் கிளாரிட்டி ஸ்லைடருக்கும் இதே நோய், அது முற்றினால் மலைக்கும் மரத்துக்கும் சுற்றிலும் ஒளிவட்டம் வந்துவிடும். இதற்கு ஒரு பழைய கைமுறை இருக்கிறது: ஸ்லைடரை 'ஐயோ' என்று தோன்றும் வரை வேண்டுமென்றே தள்ளிவிட்டு, பிடிக்கிற இடம் வரை திரும்பி வாருங்கள், பிறகு அதிலும் கொஞ்சம் குறையுங்கள். ஏற்கெனவே அடர்த்தியான நிறங்களை விட்டுவிட்டு மங்கலானவற்றை மட்டும் தூக்கும் வைப்ரன்ஸ் இருந்தால் சாச்சுரேஷனை விட அதுவே முகங்களுக்குப் பாதுகாப்பு. அடிக்கடி முன்னும் பின்னும் பார்க்கவும் வேண்டும்; போட்டோஷாப்பில் ஆல்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அடி லேயரின் கண்ணை அழுத்தினால் மேலே உள்ள எல்லாம் மறைந்து பழைய படம் தெரியும். எல்லாம் முடிந்ததும் திரையை விட்டு எழுந்து போய், ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்து பார்த்தால் இன்னும் நல்லது.

கண் சரியாக இருந்தாலும் திரை பொய் சொல்லும். இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் மோடை அணைக்காமல் நிறம் திருத்தினால் படம் மறுநாள் நீலம் பாரித்துக் கிடக்கும், ஏனென்றால் திரையிலிருந்த மஞ்சளுக்கு ஈடுகட்டித்தானே நீங்கள் திருத்தியிருப்பீர்கள். திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்து வேலை செய்தால் அச்சில் படம் இருட்டடித்து வரும்.

அதனால்தான் ஹிஸ்டோகிராம் என்ற அந்த மலை வடிவ வரைபடத்தை மதிக்கச் சொல்வது. இடது ஓரம் முழுக்கறுப்பு, அதாவது 0. வலது ஓரம் முழுவெள்ளை, 255. மலை வலது சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பகுதியில் விவரமே இல்லை என்று அர்த்தம். வெளுத்துப்போன வானத்தை ஜேபெக்கில் எவ்வளவு இறக்கினாலும் மேகம் வராது, அழுக்குச் சாம்பல்தான் வரும், ஏனென்றால் சிவப்பு பச்சை நீலம் மூன்றுமே 255 என்று பதிவான இடத்தில் மீட்டெடுக்க எதுவும் இல்லை. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். கேமராவின் ரா கோப்பு (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) 14 பிட் என்றால் அது 16,384 படிகள். அதனால் ரா கோப்பில் நிழலைத் தூக்கினாலும் ஓரளவு தாங்கும். ஜேபெக்கில் அதே அளவு தூக்கினால் புள்ளிப் புள்ளியாக இரைச்சலும் வானத்தில் பட்டைபட்டையாகக் கோடுகளும் வரும். வீடியோவில் ஒருவர் ரா கோப்பை வைத்துக்கொண்டு செய்யும் மாயத்தை நம் ஜேபெக்கில் செய்து பார்த்துவிட்டு 'எனக்கு வரவில்லை' என்று மனம் உடைவது வீண்.

ரீடச்சிங்கில், அதாவது படத்தில் உள்ள குறைகளை மறைக்கும் வேலையில், தவறுகள் சட்டென்று காட்டிக்கொடுக்கும். ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப்பில் ஒரே இடத்திலிருந்து எடுத்து எடுத்து ஒட்டினால் ஒரே கூழாங்கல் நாலு இடத்தில் இருக்கும். முகத்தில் பருவை எடுக்கலாம், வடு வேண்டாமென்றால் எடுக்கலாம், ஆனால் மொத்தத் தோலையும் பிளர் செய்தால் ஆள் மெழுகுப் பொம்மை ஆகிவிடுவார். தோலின் சின்னத் துளைகள் தெரிவதால்தான் அது தோல். இடுப்பை, உருவத்தை இழுத்து வளைக்கும் லிக்விஃபை வைத்து உள்ளே தள்ளினால் பின்னால் இருக்கும் கதவுச் சட்டமும் கூடவே வளையும், பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். ஓரங்களைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கைப் படத்தை 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்தே செய்ய வேண்டும். அதுவும் அளவு மாற்றிய பிறகு, கடைசியாக.

வெளியே அனுப்பும் இடத்தில் 72, 300 என்ற எண்களைப் பற்றி ஒரு குழப்பம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. '300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) ஆக்கிக் கொடுங்கள், தெளிவாகிவிடும்' என்பார்கள். ஆகாது. 6000 × 4000 பிக்சல் படம் அங்குலத்துக்கு 300 வீதம் அச்சிட்டால் 20 அங்குல அகலம் வரும். 900 × 600 பிக்சல் படத்தில் அதே எண்ணை எழுதினால் 3 அங்குலம்தான். இருக்கிற பிக்சல்களை எவ்வளவு நெருக்கமாக அச்சிடுவது என்பதற்கான குறிப்பு மட்டும்தான் அந்த எண். ரீசாம்பிள் என்பதில் டிக் இருந்தால் மென்பொருள் இல்லாத பிக்சல்களை ஊகித்து நிரப்பும், அளவு பெருக்கும், மூலத்தில் பதிவாகாத தெளிவு அதனால் வந்துவிடாது. திரையில் மட்டும் காட்டப்போகிற படத்துக்கு அந்த எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

கலர் ஸ்பேஸை, அதாவது படம் எந்த நிற வரம்புக்குள் பதிவாகிறது என்பதை, மட்டும் கவனியுங்கள். அடோபி ஆர்ஜிபி அல்லது புரோபோட்டோவில் எக்ஸ்போர்ட் செய்த படம், நிற விவரத்தைச் சரியாகப் படிக்காத செயலிகளில் உயிரில்லாமல் வெளிறித் தெரியும். இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி போதும்.

நிறையப் படங்களை அடுக்கி வைத்துத் திருத்த உதவும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருள் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது படத்துக்குள் எதையும் மாற்றாது. செய்த திருத்தங்களையும் படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் கேட்டலாக் என்ற தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். இது தெரியாமல், கணினியில் இடம் போதவில்லை என்று ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு நீங்களாக நகர்த்திவிட்டால், அத்தனை படங்களிலும் ஆச்சரியக்குறி முளைக்கும். பதறி கேட்டலாக்கை அழித்துவிடாதீர்கள், அழித்தால்தான் உழைப்பு போகும். லைட்ரூமின் ஃபோல்டர் பேனலில் அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, புதிய இடத்தைக் காட்டிவிட்டால் திருத்தங்கள் எல்லாம் அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை நகர்த்த வேண்டியிருந்தால் லைட்ரூமுக்குள்ளிருந்தே இழுத்துப் போடுங்கள்.