பாட்டில் வரும் ‘நான்’ யார்?

கிளிநொச்சி கனகபுரத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டு இளம் பிள்ளைகளோடு இருந்து சினிமாப் பாட்டு வரிகளை வாசித்து வருகிறேன். கூடுதலாகக் காதல் பாட்டுகளும் பிரிவுப் பாட்டுகளும்தான். போன கிழமை ஒரு தம்பி சோகப் பாட்டொன்றை வாசித்து முடித்த கையோடு, “அவள் ஏமாத்திப்போட்டாள் சேர்” என்றான். “எந்த வரியில?” என்று கேட்டேன். திரும்ப வாசித்தான். பாட்டு முழுக்கக் காதலனே பேசுகிறான். அவளுக்கு ஒரு சொல்கூட இல்லை.

அவனைவிடக் கொஞ்சம் மூத்த வயதில் நானும் இப்படித்தான் தீர்ப்புச் சொன்னேன். அதனால்தான் பாட்டுக்குப் பொருள் எடுக்கும்போது நாம் விடும் பிழைகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். பிழையாகக் காதில் விழுந்த சொல், எழுத்துப்பிழை எல்லாம் போகப்போகத் திருந்திவிடும், அவற்றை விடுகிறேன்.

இசையைக் கேட்டே பொருளை முடிவு செய்வது

தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் கேட்டோம். சுற்றுகிறவரின் கை களைத்தால் பாட்டும் இழுபடும். அப்படி இழுபட்டுக் கேட்ட ஒரு பாட்டைப் பிரிந்தவனின் புலம்பல் என்றே பல வருடம் நம்பியிருந்தேன். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வவுனியாவில் ஒரு கடையில் அதைச் சரியான வேகத்தில் கேட்டேன். காதலியைச் சீண்டும் குறும்புப் பாட்டு அது!

இப்போது டைனமோ இல்லை. ஆனால் வேகத்தைக் குறைத்து எதிரொலி சேர்த்த பதிவுகள் போனில் வருகின்றன. அதைக் கேட்டுவிட்டு “சரியான சோகம்” என்கிறார்கள். முதலில் வரிகளை இசை இல்லாமல் வாசியுங்கள்.

மழை என்றால் கண்ணீர்

ஐப்பசி மழையை நம்பிக் காலபோகம் விதைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? அதே மழை தையில், கதிர் முற்றி நிற்கும்போது பெய்தால் வயிறு எரியும். எந்த மழை என்று பாட்டுக்குள்ளேயே தேடுங்கள்.

‘நான்’ என்பவரைப் பிழையாகப் பிடிப்பது

சினிமாப் பாட்டுக்குப் பெரும்பாலும் மெட்டுத்தான் முதலில் வரும். இயக்குநர் கதைச் சூழலைச் சொல்வார், அந்தச் சூழலில் நிற்கிற பாத்திரத்துக்காகக் கவிஞர் எழுதுவார். கண்ணதாசனும் வாலியும் பெண்களின் ஏக்கத்தை எத்தனையோ பாட்டுகளில் எழுதினார்கள். அந்த ‘நான்’ அவர்கள் அல்ல.

நம் பழைய ஆட்கள் இதில் கவனமாக இருந்தார்கள். குறுந்தொகையை விரித்தால் ஒவ்வொரு பாட்டோடும் தலைவி கூற்று, தோழி கூற்று என்று, யார் யாருக்கு எப்போது சொன்னது என்ற குறிப்பு இருக்கும். அகப்பாட்டில் காதலர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் இல்லாதபடியால் எவரும் அந்த இடத்தில் போய் நிற்கலாம். கேட்கிறவர் வழுக்குவதும் அங்கேதான்.

1995இல் எனக்கு 23 வயது. ஆங்கில வகுப்பில் என்னோடு படித்த ஒருத்தியை எனக்குக் கலியாணம் பேசிப் பார்க்க அம்மாவுக்கு விருப்பம், எனக்கும்தான். பேச்சுக்கால் போக நாளும் பார்த்தாயிற்று. அந்தக் கிழமை அவளுடைய கொப்பி என் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில், விட்டுப்போனவனை நினைத்து ஒரு பெண் பாடும் பாட்டு, முத்து முத்தான கையெழுத்தில். ‘நான்’ என்று வந்த இடமெல்லாம் எனக்கு அவளாகவே தெரிந்தது. மனதில் வேறொருவன் இருக்கிறான் என்று முடிவு கட்டினேன். வீட்டில் “வேண்டாம்” என்றேன். காரணம் சொல்லவில்லை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. 1996இல் இடம்பெயர்ந்தோம், அவர்கள் புதுக்குடியிருப்புப் பக்கம், நாங்கள் மல்லாவிப் பக்கம்.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில் அவளுடைய அக்காவைச் சந்தித்தேன். பழைய பாட்டுகளைப் பற்றிக் கதை வந்தது. “எனக்குப் பேசி வைச்சவர் வெளிநாடு போய்க் கடிதத்தை நிப்பாட்டிப்போட்டார் தம்பி. நான் அழ அழ, தங்கச்சிதான் எனக்காக அந்தப் பாட்டைக் கொப்பியில எழுதித் தந்தவள்” என்றார்.

அவள் தோழியாக எழுதியிருக்கிறாள். நான் தலைவி என்று வாசித்துவிட்டேன். “இது ஆருடைய பாட்டு?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் ஆத்திரம் வரும். பிள்ளைகள் ஒருவர் போட்ட ஸ்ரேற்றஸ் பாட்டைப் பார்த்து “அவளுக்கு என்னோட கோபம்” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதைக் காணும்போது அந்த ஆத்திரம் திரும்ப வருகிறது. அவள் மனதில் என்ன இருக்கிறது என்று பாட்டிடம் கேட்காதீர்கள். அவளிடம் கேளுங்கள்.

பல்லவியோடு நிறுத்துவது

பல்லவியில் சபிக்கிறவன் இரண்டாம் சரணத்தில் மன்னிப்புக் கேட்பான். கடைசி வரி வரைக்கும் பொறுங்கள்.

கவிஞரின் சொந்தக் கதையைத் தேடுவது

வேண்டாம்.

ஓசைக்காக வந்த சொல்லில் தத்துவம் தேடுவது

மெட்டில் இரண்டு அசை இடம் இருந்தால் ‘கண்ணே’ வந்து உட்காரும். விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

அந்தத் தம்பியிடம் பாட்டைக் கையால் எழுதி, தலைப்பில் யார் கூற்று, யாரிடம் என்று குறித்துவரச் சொன்னேன். இந்தச் சனிக்கிழமை கொப்பியை நீட்டினான். “தலைவன் கூற்று. தனியே இருந்து சொன்னது” என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே இன்னொரு வரி: “அவள் என்ன சொன்னாள் என்று பாட்டில் இல்லை.”