கல்லூரி மாறுவதற்கு முன்

முதல் பருவத்தின் கசப்பு விடுதிச் சாப்பாட்டாலும் வீட்டு நினைவாலும் வந்ததா, அல்லது பாடமும் கற்பித்தலுமே நமக்கு ஒத்துவரவில்லையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். முன்னது பெரும்பாலும் சில மாதங்களில் தணியும், பின்னது அவ்வளவு எளிதில் தணியாது. மாறுவதென்றே முடிவெடுத்தால், சேர விரும்பும் கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் காலியிடம் உள்ளதா, நீங்கள் முடித்த பாடங்களை அங்கே ஏற்பார்களா என்பவற்றை எழுத்துபூர்வமாக உறுதிசெய்த பிறகே மாற்றுச் சான்றிதழைக் கேளுங்கள். இந்த வரிசையை மாற்றிவிட்டு ஓராண்டை இழப்பது மிகவும் வேதனையானது. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதிமுறை வகுத்த 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' கணக்கில் (முடித்த பாடங்களுக்கான மதிப்பலகுகளை இணையத்தில் சேமித்து வைக்கும் கணக்கு) உங்கள் கிரெடிட்டுகள், அதாவது அந்த மதிப்பலகுகள், பதிவாகியுள்ளனவா என்றும் பாருங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாதென்று அதே குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை கூறுகிறது. தயக்கமின்றிக் கேட்டுப் பெறுங்கள்.