லக்கி லூக்: எங்கே தொடங்குவது, எதைத் தாண்டிப் போவது

லக்கி லூக் என்ற கவ்பாயை வைத்து வரும் நகைச்சுவைக் காமிக்ஸ் வரிசையில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள், அதாவது ஒரு முழுக் கதை கொண்ட காமிக்ஸ் புத்தகங்கள், இருக்கின்றன. அதற்கு மேல் அனிமேஷன் படங்கள், டிவி தொடர்கள், ஆட்களை வைத்து எடுத்த படங்கள், வீடியோ கேம் என்று தனியாக ஒரு குவியல். புதிதாக வருகிறவர் திகைத்துத்தான் போவார். கவலை வேண்டாம், கதைகளுக்குள் தொடர்ச்சி என்று பெரிதாக எதுவும் கிடையாது, எந்த ஆல்பத்தை எடுத்தாலும் அதிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை. எதை முதலில் எடுப்பது என்பதில் கொஞ்சம் கவனமாக இருந்தால் போதும்.

முதல் விஷயம்: ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். லூக்கை உருவாக்கியவர் மோரிஸ், பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் ஊரில் 1923-இல் பிறந்தவர், பிரஸ்ஸல்ஸில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை பார்த்துவிட்டு காமிக்ஸுக்கு வந்தவர். 1946 கடைசியில் 'ஸ்பிரூ' பத்திரிகையின் ஆண்டு மலரில் 'அரிசோனா 1880' என்ற கதையில் லூக் முதன்முதலாகக் குதிரையேறி வருகிறான். அந்த லூக்கைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளமே தெரியாது. உருண்டை முகம், ரப்பர் மாதிரி வளையும் கை கால், கார்ட்டூன் படங்களில் வருவதுபோல் கைக்கு நான்கே விரல். படம் வேகமாக ஓடும், கதை சுமார்தான். தொடரைப் பிடித்துப்போன பிறகு ஒரு ஆர்வத்துக்காக இவற்றைப் பார்க்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

நீங்கள் தேட வேண்டியது அட்டையில் கோசினி என்ற பெயர். ரெனே கோசினி, பின்னாளில் ஆஸ்டெரிக்ஸை எழுதியவர். மோரிஸ் 1948-இல் தன் நண்பர்கள் ஜிஜே, ஃபிராங்கான் ஆகியோரோடு அமெரிக்கா போனார். மற்றவர்கள் திரும்பிவிட, இவர் மட்டும் ஆறு வருடம் அங்கேயே தங்கிவிட்டார், அப்போதுதான் நியூயார்க்கில் கோசினியைச் சந்திக்கிறார். 1955-இல் பத்திரிகையில் தொடங்கி 1977-இல் கோசினி இறக்கும்வரை இருவரும் சேர்ந்து செய்தவைதான் தொடரின் உச்சம். இருவரும் சேர்ந்து செய்த முதல் கதை ரயில் பாதை போடுவதைப் பற்றியது, கடைசிக் கதையான 'தி சிங்கிங் வயர்' தந்திக் கம்பி இழுப்பதைப் பற்றியது.

இங்கே ஒரு குழப்பம் வரும். ஆங்கிலத்தில் சினிபுக் நிறுவனம் போடும் வரிசை எண்ணும் பிரெஞ்சு மூலத்தின் எண்ணும் ஒன்றல்ல. சினிபுக்கில் முதலாவதாக வந்த 'பில்லி தி கிட்' பிரெஞ்சில் இருபதாவது ஆல்பம். ஆகவே எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், முதல் பக்கங்களில் மூல வெளியீட்டு வருடம் போட்டிருப்பார்கள், அது 1957-க்கும் 1977-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் படிக்க விரும்பினால் சிவகாசியிலிருந்து வரும் லயன்-முத்து காமிக்ஸ் இருக்கவே இருக்கிறது. அவர்களுடைய வாசகர்களுக்கு லூக் பல வருடப் பழக்கம், ஒரு காலத்தில் கறுப்பு வெள்ளையில் படித்தவர்கள் இப்போது முழு வண்ணத்தில் படிக்கிறார்கள். கிடைத்தால் வண்ணப் பதிப்பையே வாங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சரி, முதல் புத்தகம் எது? என்னைக் கேட்டால் 'தி ஸ்டேஜ்கோச்', 1968. டென்வரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வெல்ஸ் ஃபார்கோ கம்பெனியின் குதிரை வண்டி தங்கம் ஏற்றிக்கொண்டு போகிறது, லூக் பாதுகாப்புக்குக் கூடப் போகிறான், வண்டிக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத பயணிகள். அவ்வளவுதான் கதை. ஆனால் பாருங்கள், வழியில் வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் சாப்பாடு பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும்தான். முதல் தடவை யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டாவது இடத்தில் முகம் சுளிக்கிறார்கள். அதற்கப்புறம் அடுத்த நிறுத்தம் வருவதற்கு முன்பே நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, தட்டு வந்து வைக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே நகைச்சுவையைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏற்றிவிடுவது கோசினியின் கைவேலை. இந்த ஆல்பத்தில் அது பிடிபட்டுவிட்டால் மற்ற ஆல்பங்களில் தானாகவே கண்ணில் படும்.

இதில் இன்னொன்றும் கவனிக்கலாம். லூக் இந்தக் கதையில் பெரிதாக எதுவும் செய்வதில்லை. பொதுவாகவே அவனுக்கென்று ஒரு கவலையோ ஆசையோ கடந்தகாலமோ கிடையாது, தன் நிழலைவிட வேகமாகச் சுடுவான், யாரிடமும் அதிகம் பேசமாட்டான், வேலை முடிந்ததும் தனிமையைப் பற்றிய அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு மாலைச் சூரியனை நோக்கிப் போய்விடுவான். அவ்வளவுதான் நாயகன். வேடிக்கை எல்லாம் அவனைச் சுற்றி இருப்பவர்களிடம்: சவப்பெட்டிக்காரர், சீட்டாடி, பயந்தாங்கொள்ளி ஷெரீஃப், எஜமானனைவிட அறிவாளியான குதிரை ஜாலி ஜம்பர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் படம் தேறும் எது தேறாது என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

இரண்டாவதாக டால்டன்கள். இவர்கள் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. நிஜத்தில் டால்டன் கும்பல் என்று ஒன்று இருந்தது. 1892 அக்டோபர் 5-ஆம் தேதி கான்சாஸ் மாநிலம் காஃபிவில் ஊரில் ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடிக்கப் போய், ஊர் மக்களே துப்பாக்கி எடுத்துச் சுட்டதில் பாப், கிராட் இருவரும் செத்தார்கள், எம்மெட் உடம்பெல்லாம் குண்டோடு பிழைத்துச் சிறைக்குப் போனார். மோரிஸ் 1954-இல் வந்த ஆல்பத்தில் இந்த நிஜ டால்டன்களை வைத்துக் கதை செய்து கடைசியில் சாகடித்தும் விட்டார். அப்புறம்தான் அவர்கள் இல்லாமல் தொடருக்கு ருசி குறைகிறது என்று தெரிந்ததோ என்னவோ, 1958-இல் 'தி டால்டன் கஸின்ஸ்' ஆல்பத்தில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று நால்வரைக் கொண்டுவந்தார்கள். ஜோ, வில்லியம், ஜாக், அவெரெல். வரிசையாக நிற்கவைத்தால் படிக்கட்டு போல இருப்பார்கள், உயரம் ஏற ஏற அறிவு இறங்கும். குள்ளன் ஜோ, லூக் பெயரைக் கேட்டாலே வெறிபிடித்துக் குதிப்பான். நெட்டை அவெரெல், 'எப்போது சாப்பாடு?' என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கமாட்டான். இந்த ஆல்பத்தை இரண்டாவதாகப் படியுங்கள், பிறகு 'டால்டன் சிட்டி', 'மா டால்டன்' என்று போகலாம். இவர்களைக் காவல் காக்கும் சிறை நாய் ரின் டின் கேன், உலகத்திலேயே மிகவும் முட்டாளான நாய், எதிரியை நண்பன் என்று நினைத்து வாலாட்டும். அதற்கு 1987-இலிருந்து தனித் தொடரே வந்தது. ஆனால் ஓரமாக நின்று இரண்டு கட்டத்தில் சிரிக்கவைக்கும் நாயை முழு ஆல்பத்துக்கு இழுத்தால் அலுத்துவிடுகிறது.

மூன்றாவது, நிஜ வரலாறு உள்ள ஆல்பங்கள். 'தி ஜட்ஜ்' படித்தால், சாராயக் கடையையே நீதிமன்றமாக வைத்துக்கொண்டு, கரடி வளர்த்துக்கொண்டு, வாய்க்கு வந்த தீர்ப்பைச் சொல்லும் ராய் பீன் என்ற ஆள் வருவார். கோசினி கற்பனை செய்தது என்றுதான் நினைப்பீர்கள். டெக்சாஸில் லாங்ட்ரி என்ற ஊரில் அந்த ஆள் உண்மையாகவே இருந்தார், அவருடைய மதுக்கடை இன்றும் பார்வையாளர்களுக்காகத் திறந்திருக்கிறது. செத்துக் கிடந்தவனின் பையில் நாற்பது டாலரும் ஒரு துப்பாக்கியும் இருப்பதைப் பார்த்து, ஆயுதத்தை மறைத்து வைத்திருந்த குற்றத்துக்கு நாற்பது டாலர் அபராதம் போட்டார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. நிஜம் இப்படி இருந்தால் நகைச்சுவை எழுத்தாளருக்கு வேலையே குறைவு. 'பார்ப்ட் வயர் ஆன் தி ப்ரேரி' மாடு வளர்ப்பவர்களுக்கும் வேலி போடும் விவசாயிகளுக்கும் நடக்கும் சண்டை. 1874-இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு மேற்கில் உண்மையில் வெடித்த சண்டைதான் அது. என் பழக்கம், முதலில் ஆல்பத்தைப் படித்துவிட்டு அப்புறம் நிஜத்தைத் தேடுவது. மாற்றிச் செய்தால் எங்கே சிரிக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

படிக்கும்போது வண்ணத்தைப் பாருங்கள் என்று சொன்னேன் அல்லவா? மோரிஸ் ஒரு கூட்டத்தை வரைந்தால் அதில் இருபது பேரையும் ஒரே சிவப்பில், அல்லது ஒரே நீலத்தில் முக்கிவிடுவார். முன்னால் நிற்கும் ஒருவருக்கு மட்டும் சரியான நிறம். ஏதோ அச்சுப் பிழை என்று தோன்றும், ஆனால் கண் எங்கே போக வேண்டும் என்று அவர் நமக்குச் சொல்லித் தரும் வழி அது. ஒரு கட்டத்தில் ஒருவன் கோபமானால் பின்னணி முழுக்க மஞ்சளாகும். அடுத்த கட்டத்தில் அதே அறையின் சுவர் வேறு நிறம். சினிமாவில் விளக்கைப் போட்டு அணைப்பதைப் போல இவர் நிறத்தைப் போட்டு அணைக்கிறார். கறுப்பு வெள்ளையில் இதெல்லாம் போய்விடும், அதனால்தான் வண்ணப் பதிப்பு.

லூக்கின் வாயையும் கவனியுங்கள். பழைய ஆல்பங்களில் எப்போதும் சிகரெட், 1983-இலிருந்து ஒரு புல் தண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சிச் சந்தைக்காக ஹன்னா-பார்பெரா நிறுவனத்தோடு சேர்ந்து தொடர் எடுத்த நேரத்தில் நடந்த மாற்றம் இது. 1988-இல் உலக சுகாதார நிறுவனமே மோரிஸைக் கூப்பிட்டுப் பாராட்டியது. ஆகவே கையில் இருப்பது எந்தக் காலத்து ஆல்பம் என்று அவசரத்துக்குத் தெரிய வேண்டுமானால் வாயைப் பார்த்தால் போதும். குழந்தைக்கு வாங்குகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: செவ்விந்தியர்களையும் சீனர்களையும் அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் எப்படிக் கேலியாகப் பார்த்தார்களோ அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள். கூட உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

இனி திரை. முதலில் 'டெய்சி டவுன்', 1971, பெல்விஷன் ஸ்டுடியோ. கோசினியும் மோரிஸுமே எழுத்தில் இருந்த படம், கிளாட் போலிங் இசை. பொட்டல்வெளியில் ஒரு ஊர் கண்மூடித் திறப்பதற்குள் எழும்புகிறது, அடுத்த நிமிடமே ரவுடிகள் வந்து குவிகிறார்கள். இது எந்த ஆல்பத்தின் கதையும் இல்லை, நேராகப் படத்துக்கே எழுதியது, ஆல்பம் பிறகுதான் வந்தது. படித்ததையே திரும்பப் பார்க்கும் சலிப்பு இல்லாததால் முதல் படமாக இதுவே சரி. அடுத்தது 1978-இல் வந்த 'பாலட் ஆஃப் தி டால்டன்ஸ்'. மாமா ஒருவர் தன்னைத் தூக்கில் போட்ட நீதிபதியையும் ஜூரிகளையும் கொன்றால்தான் சொத்து என்று டால்டன்களுக்கு உயில் எழுதி வைக்கிறார், அதற்கு நேர்மையான சாட்சி வேண்டும் என்பதால் லூக்கையே கூட்டிக்கொண்டு போகிறார்கள். பாருங்கள், நாயகன் இங்கே வெறும் சாட்சி, ஓட்டம் முழுக்க டால்டன்கள் கையில். அதனால்தான் படம் நிற்கிறது.

டிவியில் 1983 தொடர், 1991 தொடர், இரண்டும் 26 பாகங்கள், ஆல்பங்களை ஒட்டியே போகும், குழந்தைகளோடு பார்க்கலாம். 2001-இல் வந்ததும் 2007-இன் 'டூஸ் ஆ லுவெஸ்ட்' படமும் ஸிலாம் ஸ்டுடியோ செய்தவை, நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்த 'ஆகி அண்ட் தி காக்ரோச்சஸ்' கார்ட்டூனும் அவர்களுடைய சரக்குதான். எனவே ஓட்டமும் அடிதடியும் தூக்கலாக இருக்கும், கோசினியின் பேச்சு நகைச்சுவை குறையும். பேச்சு புரியாத சின்னக் குழந்தைக்கு அதுவே வசதி.

ஆட்களை வைத்து எடுத்த படங்களைக் கடைசியில் வையுங்கள். 1991-இல் டெரன்ஸ் ஹில் தானே இயக்கி நடித்தார். அவருடைய பழைய கவ்பாய் நகைச்சுவைப் படங்களான டிரினிட்டி படங்களில் சிரித்தவர்களுக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் அந்த நீலக் கண்ணும் குறும்புச் சிரிப்பும் டிரினிட்டியுடையவை, லூக்குடையவை அல்ல. 2004-இன் 'லே டால்டன்' படத்தில் நான்கு பேர் படிக்கட்டாக நிற்கும் வேடிக்கையே உயிருள்ள நடிகர்களிடம் எடுபடவில்லை, அதைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். 2009-இல் ஜான் துஜார்தான் நடித்த படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் லூக்குக்குச் சிறுவயதில் பெற்றோர் கொல்லப்பட்ட சோகம், யாரையும் கொல்லமாட்டேன் என்ற சபதம் என்று ஒரு முன்கதையை ஏற்றிவிட்டார்கள். உள்ளே ஒன்றும் இல்லாமல் இருப்பதுதானே அந்த ஆளின் சௌகரியம், அதில் கண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? நடிகருக்காகப் பார்ப்பதென்றால் பாருங்கள். வீடியோ கேம்களில் 1998-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஒன்று பேர் வாங்கியது, பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

மோரிஸ் 2001-இல் இறந்தார். அதன்பின் ஆஷ்டே வரைகிறார், கோடு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, எழுதுகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இவற்றில் 2020-இல் ஜூல் எழுதிய ஆல்பத்தை விடாதீர்கள். லூக்குக்கு லூயிசியானாவில் ஒரு பருத்தித் தோட்டம் உயிலில் வந்துசேர்கிறது, நிஜத்தில் வாழ்ந்த கறுப்பின மார்ஷல் பாஸ் ரீவ்ஸ் கதைக்குள் வருகிறார். முந்தைய ஆல்பங்கள் கண்ணெடுத்துப் பார்க்காத பக்கத்தை இது பார்க்கிறது. 2016-இல் மத்தியூ போனோம் தன் சொந்தப் பாணியில் செய்த 'தி மேன் ஹூ ஷாட் லக்கி லூக்' இன்னொரு வகை. மழை, சேறு, இருட்டு, நிஜமான துப்பாக்கி. அதில் லூக் ஒரு சிகரெட் பிடிப்பதற்குள் ஏதாவது வந்து கெடுத்துக்கொண்டே இருக்கும். பழைய ஆல்பங்கள் ஒரு பத்தாவது படித்த பிறகு எடுங்கள், இல்லையென்றால் அந்தச் சிகரெட் விளையாட்டு என்னவென்றே தெரியாமல் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.