டி.என்.எஃப். ஏறிவிட்டதா? முடிவு எழுதும் முன் பார்க்க வேண்டியவை

மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்லில் ஒரு புரதத்தைச் சேர்க்கிறோம். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்துக்கான எம்.ஆர்.என்.ஏ. (மரபணுவின் நகல்), அதை அளக்கும் கியூ.பி.சி.ஆர். சோதனையில் பல மடங்கு ஏறி நிற்கிறது. அந்தப் புரதம் ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரானது என்றால் சற்றுப் பொறுங்கள். ஏற்றியது அதனுடன் ஒட்டிவந்த எல்.பி.எஸ். (அந்த பாக்டீரியாவின் வெளிச்சவ்வு நச்சு, எண்டோடாக்சின்) ஆக இருக்கலாம்.

தயாரிப்பாளரின் தாளில் ‘மைக்ரோகிராமுக்கு 1 ஈ.யு.வுக்குக் குறைவு’ என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறோம். ஈ.யு. என்பது எண்டோடாக்சின் அலகு; 1 ஈ.யு. சுமார் 100 பிகோகிராம். மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் புரதம் சேர்த்தால் கூடவே 100 பிகோகிராம் வரை எல்.பி.எஸ். உள்ளே போகும். மனித மோனோசைட்டை (மேக்ரோஃபேஜாக மாறும் ரத்த செல்) தட்டியெழுப்ப அதுவே தாராளம். அதனால் இரண்டு கன்ட்ரோல் (ஒப்பீட்டுச் சோதனை) கட்டாயம் வையுங்கள்: 100 டிகிரியில் 30 நிமிடம் கொதிக்கவைத்த அதே புரதம் ஒன்று, மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பாலிமிக்சின் பி (எல்.பி.எஸ்.ஸைப் பிடித்து முடக்கும் மருந்து) சேர்த்தது இன்னொன்று. கொதியில் பெரும்பாலான புரதங்கள் செயலிழக்கும், எல்.பி.எஸ். தாங்கும். கொதித்த பிறகும் டி.என்.எஃப். ஏறினால் சந்தேகம் உறுதியாகிறது. எல்.பி.எஸ்.ஸை அழிக்க ஆட்டோகிளேவை (நீராவி அழுத்தக் கலன்) நம்பவே வேண்டாம். கண்ணாடிக் கலன்களுக்கு 250 டிகிரி உலர்வெப்பம், 30 நிமிடம்.

டி.எச்.பி.-1 என்ற மனித மோனோசைட் செல்வரிசையில் இன்னொரு தொல்லை. மேக்ரோஃபேஜாக மாற்றி ஒட்டவைக்கப் போடும் பி.எம்.ஏ. என்ற வேதிப்பொருளே அழற்சி மரபணுக்களைக் கிளறிவிடும். குறைந்த அளவில் கொடுத்து, கழுவி, குறைந்தது 24 மணி நேரம் ஓய்வு விட்ட பிறகே தூண்டுங்கள்.

அடுத்தது நேரம். எல்.பி.எஸ். பட்ட அரை மணியில் என்.எஃப்.-கப்பா-பி (அழற்சி மரபணுக்களை இயக்கும் புரதம்) உட்கருவுக்குள் போய்விடும். தன்னைத் தடுக்கும் ஐ-கப்பா-பி ஆல்ஃபாவையும் அதுவே எழுதவைக்கும். டி.என்.எஃப். எம்.ஆர்.என்.ஏ. 1 முதல் 2 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கும். இன்னொரு அழற்சிப் புரதமான ஐ.எல்.-6 அதற்குப் பின்னால்தான் வரும். 24 மணியில் மட்டும் அறுவடை செய்துவிட்டு ‘மருந்து டி.என்.எஃப்.பை அடக்கவில்லை’ என்று எழுதினால், அடக்க அங்கே மிச்சமே இருந்திருக்காது. 0, 1, 2, 4, 8, 24 மணி நேரங்களில் எடுங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் ஏறுகிற பல மரபணுக்களை எழுப்புவது எல்.பி.எஸ். நேரடியாக அல்ல, செல் தானே சுரந்த இன்டர்ஃபெரான்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம்.

எம்.ஆர்.என்.ஏ. ஏறியதால் மரபணு கூடுதலாக எழுதப்பட்டது என்றும் ஆகிவிடாது. டி.என்.எஃப். எம்.ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியைப் பிடித்து அதைச் சிதைக்கும் டிரிஸ்டெட்ராப்ரோலின் புரதத்தை, எல்.பி.எஸ். தூண்டும் பி38 சமிக்ஞைப் பாதை முடக்குகிறது. சிதைவு குறைந்தாலே அளவு கூடும். ஆக்டினோமைசின் டி (மரபணு எழுதப்படுவதை நிறுத்தும் மருந்து) மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் கொடுத்து, 0, 15, 30, 60 நிமிடங்களில் எடுத்துப் பார்த்தால் தெரியும். அல்லது புதிதாக எழுதப்பட்ட ஆர்.என்.ஏ.வில் மட்டும் இருக்கும் இன்ட்ரான் பகுதிக்கு ப்ரைமர் (கியூ.பி.சி.ஆரில் இலக்கைப் பிடிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) போடுங்கள்.

ஒப்பீட்டுக்கு, மாறாத மரபணு என்று ஜி.ஏ.பி.டி.எச். ஒன்றை மட்டும் வைப்பது பழக்கதோஷம். தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜ் கிளைகாலிசிஸைக் (குளுக்கோஸ் உடைப்பை) கூட்டுவதால், அதில் பங்குள்ள இந்த மரபணுவே நகரக்கூடும். உங்கள் செல்லில் அசையாத இரண்டையாவது தேடிப்பிடியுங்கள். மருந்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், கன்ட்ரோல் கிணற்றிலும் அதே அளவு. ஒரே தட்டின் மூன்று கிணறுகள் மூன்று சோதனை ஆகாது.

மனித மேக்ரோஃபேஜில் என்.ஓ.எஸ்.2 (நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதியின் மரபணு) வரவில்லையே என்று ப்ரைமரை மாற்றிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. எலியில் கொட்டுகிற அந்த மரபணு, மனித செல்லில் எல்.பி.எஸ்.ஸுக்கு அநேகமாக அசையாது. ஐ.எல்.-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தின் கதை வேறு: எம்.ஆர்.என்.ஏ. குவிந்திருக்கும், வெளியே வந்த புரதத்தை அளக்கும் எலைசாவில் ஒன்றும் இராது. எலி மேக்ரோஃபேஜில் எல்.பி.எஸ். முன்னோடிப் புரதத்தை மட்டுமே தயாராக்கும். வெட்டி வெளியே அனுப்ப இரண்டாவது சமிக்ஞை வேண்டும். கடைசி 30 நிமிடத்தில் 5 மில்லிமோலார் ஏ.டி.பி. சேர்த்துவிட்டு எலைசாவை மறுபடி வையுங்கள்.