சிங்கப்பூரைக் கடைசியில் வையுங்கள்

பாங்காக், பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று ஒரே பயணத்தில் சுற்றுபவர்கள் இந்த வரிசையிலேயே போவது நல்லது. காரணம் ஜிஎஸ்டி. சிங்கப்பூரில் அது 9 சதவீதம். சுற்றுலாப் பயணிக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினால் அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் போல அனுமதிக்கப்பட்ட இடம் வழியாகக் கிளம்பினால்தான். பஸ் பிடித்து உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போனால் ஒரு காசும் வராது! சிங்கப்பூர் கடைசி என்றால் அங்கிருந்து விமானத்திலேயே ஊர் திரும்பலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். அப்புறம், லக்கேஜைப் போடுவதற்கு முன்பே விமான நிலையத்தில் ரீஃபண்ட் வேலையை முடித்துவிடுங்கள்; பொருளைக் காட்டச் சொன்னால் பெட்டி கையில் இருக்க வேண்டுமே.

பாங்காக்கை வார இறுதியில் தொடங்குங்கள். சட்டுசாக் சந்தை முழுதாகக் களைகட்டுவது சனி, ஞாயிறில்தான். அங்கே துணிமணியோடு நிறுத்திக்கொண்டால், அடுத்த விமானத்தில் கூடுதல் எடைக்குப் பணம் கட்ட வேண்டாம். சாப்பாட்டுக்கு இருட்டியபின் சைனாடவுனின் யாவராட் தெரு. பினாங்கில் சார் குவே தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸ். முட்டை, இறால் சேர்ந்தது, சில கடைகளில் பன்றிக் கொழுப்பும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் உணவங்காடியான தேக்கா சென்டரில் சாப்பிட்டதும் தட்டை நீங்களே எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் வரலாம்.

தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்று நாடுகளின் ஆன்லைன் வருகை அட்டையும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல.