கண்ணை மூடாமல் தொடங்குங்கள்

மனக்காயத்தோடு இருப்பவரிடம் "கண்ணை மூடித் தியானம் பண்ணு" என்று பலரும் சொல்வார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் கார் விபத்துக்குப் பிறகு, கண்ணை மூடினாலே எனக்குக் கண்ணாடி நொறுங்கும் சத்தம்தான் கேட்கும். அதனால் கண்ணைத் திறந்தபடியே தொடங்கச் சொல்கிறேன்.

ஆபத்து முடிந்துவிட்டது என்று நமக்குத் தெரியும். மூளையில் எச்சரிக்கை எழுப்பும் அமிக்டலாவுக்கு அது சீக்கிரம் எட்டுவதில்லை. யாரோ பிரேக் போட்டால் போதும், தோள் காதுவரை ஏறிவிடும், நெஞ்சு படபடக்கும். அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த நேரத்தில் முதலில் சுற்றிப் பாருங்கள். கழுத்தை மெதுவாகத் திருப்பி, கதவு எங்கே, ஜன்னல் எங்கே, சுவர் என்ன நிறம் என்று பாருங்கள். இன்றைய தேதியை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக அழுத்துங்கள்.

அப்புறம் மூச்சு. நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும். அதனால்தான் விடும் மூச்சை நீட்டுகிறோம். நடுவில் அடக்கிப் பிடிக்க வேண்டாம். மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு இறுகுகிறவர்களும் உண்டு. அவர்கள் இதை விட்டுவிட்டு, சுவரில் இரு கைகளையும் வைத்துத் தள்ளலாம். எனக்கு ஆரம்பத்தில் சுவர்தான் உதவியது.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் பரப்பிய தசைத் தளர்வுப் பயிற்சியும் நல்லது. கையை இறுக மூடி 5 விநாடி வைத்திருந்து விடுங்கள். பிறகு தோள், தாடை. விட்ட பிறகு வரும் தளர்ச்சியை 15 விநாடியாவது உணருங்கள், அவசரப்பட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். அடிபட்ட இடத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

பழைய நினைவு வந்தால் அதன் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டுப் பாதத்துக்குத் திரும்புங்கள். முழுவதையும் ஒரே நாளில் கிளறுவது வீரமாகத் தெரியலாம், ஆனால் இரவு தூக்கம் போய்விடும். உடல் மரத்துப்போனாலோ, சுற்றியிருப்பது நிஜமில்லை போலத் தோன்றினாலோ உடனே நிறுத்திவிட்டு முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடியுங்கள், எழுந்து நடங்கள்.

கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். மனக்காயத்தை மையமாகக் கொண்ட சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை), கண் அசைவுகளோடு செய்யும் இஎம்டிஆர் சிகிச்சை ஆகிய இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு மாதமெல்லாம் காத்திருக்காதீர்கள், இன்றே ஒருவரிடம் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

மூச்சையும் தசைப் பயிற்சியையும் நிம்மதியாக இருக்கும்போதே தினமும் ஐந்து நிமிடம் செய்து பழகுங்கள். பதற்றம் ஏறிய பிறகு புதிதாகக் கற்றுக்கொள்வது ரொம்பக் கஷ்டம்.