லைன் அறுந்தாலும் லாகின் நிலைக்க: கோயில் உபயப் பதிவுத் தளத்தில் செஷன் பராமரிப்பு

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர் பக்கத்துத் தோட்டக் கோயில்களுக்கு உபயப் பதிவுத் தளம் கட்டித் தரும் இளைஞர்கள் பெரும்பாலும் பிஎச்பி நிரல்மொழியும் மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கும்தான் பயன்படுத்துகிறார்கள். அதுவே போதும். ஆனால் செம்பனைக் காட்டுக்குள் லைன் வந்து வந்து போகும். ஒரே கைப்பேசியை வீட்டில் மூன்று பேர் பயன்படுத்துவார்கள். ஒரு பாட்டி, குடும்பத்தார் பெயர், நட்சத்திரம் எல்லாம் நிதானமாகத் தட்டிக்கொண்டிருப்பார். அவர் தட்டியது தொலையக்கூடாது, அடுத்தவர் கையிலும் சிக்கக்கூடாது. செஷனை, அதாவது லாகின் செய்தவரைச் சர்வர் நினைவில் வைத்திருக்கும் ஏற்பாட்டை, இந்த இரண்டையும் வைத்துத்தான் அமைக்க வேண்டும்.

பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி முறை எதையும் நினைவில் வைக்காது. அதனால் சர்வர் யூகிக்க முடியாத ஓர் அடையாள எண்ணைக் குக்கியில் (பிரௌசர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பில்) கொடுத்து, அந்த எண்ணுக்குரிய விவரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. குக்கியில் அந்த எண் மட்டும் இருக்கட்டும். ஐசி (அடையாள அட்டை) எண், உபயத் தொகை போன்றவற்றை அங்கே வைத்தால் பயனர் 101 ரிங்கிட்டை 1 ரிங்கிட்டாக மாற்றி அனுப்ப முடியும். ஒரு குக்கியின் கொள்ளளவும் சுமார் 4096 பைட்தான்.

செஷனில் 'இவர் யார்' என்பது மட்டும் இருந்தால் போதும். பாதி நிரப்பிய படிவத்தை டேட்டாபேஸில் வரைவாகச் சேமியுங்கள், ஒவ்வொரு பகுதி முடிந்ததும். செஷன் செத்தாலும் மறுபடி லாகின் செய்தவருக்கு விட்ட இடம் கிடைக்கும். இதை மட்டும் செய்தாலே புகார்களில் பெரும்பங்கு குறையும்.

காலாவதியில் பலர் இடறுகிறார்கள். பிஎச்பியில் செஷன் தரவின் இயல்பான ஆயுள் 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். ஆனால் அந்த நேரம் வந்தவுடன் அழிந்துவிடாது. இயல்பு அமைப்பில், செஷன் தொடங்கும்போது நூற்றில் ஒரு வாய்ப்பில்தான் பழைய செஷன்களை அழிக்கும் துப்புரவு ஓடும். ஆகவே கடைசியாகப் பயன்படுத்திய நேரத்தைச் செஷனில் எழுதி, நீங்களே சோதியுங்கள்: பக்தர்களுக்கு 30 நிமிடம், பொருளாளர் பக்கத்துக்கு 15 நிமிடம், யாராக இருந்தாலும் 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அமைப்பில் உள்ள 1440ஐயும் அதற்கேற்ப உயர்த்துங்கள். செஷன் கோப்புறை வேறு தளங்களுடன் பொதுவாக இருந்தால், அவற்றின் துப்புரவு உங்கள் கோப்புகளையும் வாரிக்கொண்டு போகும். பொதுமக்கள் எட்ட முடியாத இடத்தில் தனிக் கோப்புறை வையுங்கள்.

லாகின் வெற்றியானதும் அடையாள எண்ணைப் புதுப்பித்துப் பழையதை உடனே அழியுங்கள். இல்லையென்றால், முன்கூட்டியே ஓர் எண்ணைத் திணித்தவன் அதே எண்ணோடு உள்ளே வருவான். சர்வர் தானே கொடுக்காத எண்ணை ஏற்க மறுக்கும் 'ஸ்ட்ரிக்ட் மோட்' இயல்பாக அணைந்திருக்கும், அதையும் இயக்குங்கள். இடையிடையே எண்ணை மாற்றும்போது மட்டும் அவசரம் வேண்டாம். புதிய குக்கி சுமந்த பதில் லைன் அறுந்து வழியில் தொலைந்தால், பழைய எண்ணோடு வருபவர் வெளியே தள்ளப்படுவார். பழைய எண்ணுக்கு ஓரிரு நிமிடம் அவகாசம் கொடுங்கள்.

செஷனை ஐபி முகவரியோடு கட்டாதீர்கள். வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறினாலே ஐபி மாறிவிடும்.

குக்கிக்கு எச்டிடிபிஒன்லி (பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் படிக்க முடியாது), செக்யூர் (மறைகுறியாக்கிய இணைப்பில் மட்டும் போகும்), சேம்சைட் லாக்ஸ் (வேறு தளத்திலிருந்து வரும் பெரும்பாலான கோரிக்கைகளுடன் போகாது) மூன்றும் தேவை. லாக்ஸ் வைத்ததும், எஃப்பிஎக்ஸ் எனும் இணைய வங்கிக் கட்டண முறை வழியாகப் பணம் கட்டித் திரும்புபவர் லாகின் இழந்து நிற்பதைப் பார்க்கலாம். கட்டண வாயில் வேறு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் (படிவம் அனுப்பும் முறையில்) திருப்பி அனுப்பினால் லாக்ஸ் குக்கி கூட வராது. அந்தத் திரும்பும் பக்கம் செஷனைத் தொடங்கினால் புதிய வெற்று எண் பிறந்து பழைய குக்கியை மேலெழுதிவிடும், உண்மையான கோளாறு இதுதான். தீர்வு: அந்தப் பக்கத்தில் செஷனைத் தொடங்காதீர்கள். பதிவு எண்ணை மட்டும் வாங்கி, 303 (வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் பதில்) கொண்டு ரசீதுப் பக்கத்துக்கு அனுப்புங்கள். அது கெட் முறை (சாதாரணமாகப் பக்கத்தைத் திறக்கும் முறை) என்பதால் குக்கி கூடவே வரும். பணம் வந்ததா என்பதை வாயிலின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் செய்தியில், கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். சேம்சைட்டை 'நன்' என்று தளர்த்துவது சுலபம், ஆனால் முழுத் தளத்தின் காவலும் அதனால் குறையும்.

கோப்பில் சேமிக்கும் செஷன், பக்கம் முடியும் வரை பூட்டப்பட்டிருக்கும். பொருளாளர் பெரிய அறிக்கை எடுத்தால் அவருடைய அடுத்த டேப் உறைந்து நிற்கும். செஷனைப் படித்து எழுதி முடித்தவுடன் மூடிவிட்டு அறிக்கையைத் தொடங்குங்கள். பல சர்வர்கள் செஷனைப் பகிர உதவும் ரெடிஸ் எல்லாம் இரண்டாவது சர்வர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

லாக்அவுட் பட்டன் பெரிதாகவும் தமிழிலும் இருக்கட்டும். அதை அழுத்தினால் சர்வரில் தரவை அழித்து, குக்கியையும் காலாவதியாக்க வேண்டும். லாகினுக்குப் பிந்தைய பக்கங்களுக்கு 'நோ-ஸ்டோர்' தலைப்பு (பக்கத்தைச் சேமித்து வைக்காதே என்று பிரௌசருக்குச் சொல்வது) சேர்த்தால், லாக்அவுட்டுக்குப் பிறகு அடுத்தவர் பின்செல்லும் பட்டனை அழுத்தி அவற்றைப் பார்க்க முடியாது.

தளத்தை ஒப்படைக்குமுன் படிவத்தின் நடுவில் விமானப் பயன்முறையை இயக்கி நிறுத்துங்கள், வைஃபையை அணைத்து டேட்டாவுக்கு மாறுங்கள், கைப்பேசியை 40 நிமிடம் அப்படியே விட்டுப் பிறகு தொடருங்கள். கடைசிச் சோதனையில் லாகின் கேட்க வேண்டும். லாகின் செய்ததும் அதே வரைவு அப்படியே திறக்க வேண்டும்.